பால்வினை நோய் என்று சந்தேகமா? முதல் நாள் முதல் மறுபரிசோதனை வரை

பால்வினை நோய்களில் பலவற்றை ஓர் ஊசியோ ஒரு வாரத்து மாத்திரையோ முழுதாகக் குணமாக்கிவிடும். அப்படியிருந்தும் ஒரே தொந்தரவோடு மூன்றாவது, நான்காவது தடவையாக ஆலோசனை அறைக்கு வருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கேட்டுப் பார்த்தால் மருந்தில் குறை இருக்காது, வரிசைதான் மாறியிருக்கும். பரிசோதனைக்கு முன்பே மாத்திரையைப் போட்டிருப்பார்கள். துணைக்குச் சொல்லாமல் தனக்கு மட்டும் வைத்தியம் பார்த்திருப்பார்கள். எரிச்சல் நின்றதும் மீதி மாத்திரையை அலமாரியில் வைத்திருப்பார்கள்.

அதனால் என்ன செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே இதை எழுதியிருக்கிறேன். மருந்துகளின் பெயரும் அளவும் சில இடங்களில் வரும். மருத்துவர் எழுதித் தரும் சீட்டு உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவை. கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு அல்ல.

1. முதலில் இது அவசரமா என்று பாருங்கள்

பெரும்பாலான பால்வினை நோய்கள் ஓரிரு நாள் பொறுக்கும். கீழே உள்ளவை பொறுக்காது.

விரையில் திடீரென்று கடும் வலி வந்தால், அதுவும் இளம் வயதில் என்றால், தொற்று என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விரை பிழைக்க நல்ல வாய்ப்பு. தொற்றா முறுக்கா என்பதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

பெண்களுக்கு அடிவயிற்று வலியோடு காய்ச்சல் இருந்தால் தொற்று கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறியிருக்கலாம். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கருக்குழாயில் தழும்பு விழும் ஆபத்தைக் கூட்டும். பின்னால் குழந்தைப்பேறு தள்ளிப்போவதற்கும் கருக்குழாயிலேயே கரு தங்குவதற்கும் அந்தத் தழும்பு காரணமாகிறது. மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் இந்த வலி வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடந்த 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தொற்றும் அபாயமுள்ள உறவு நடந்திருந்தால் அதுவும் அவசரம்தான். தடுப்பு மருந்தை அந்த நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். “திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டு இந்த வாய்ப்பை இழப்பவர்கள் நிறைய. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கும் இதே கெடுதான். அவசரக் கருத்தடை மாத்திரையையும் அதே வருகையில் கேட்டு வாங்கலாம்.

இவை தவிர, பார்வை மங்குவது, காது திடீரென்று கேட்காமல் போவது, புண்ணின் வலியால் சிறுநீரே கழிக்க முடியாமல் போவது, மூட்டு வீங்கித் தோலில் கொப்புளம் வருவது ஆகியவையும் அன்றே பார்க்க வேண்டியவை. கர்ப்பமாக இருப்பவர்கள் எந்த அறிகுறியையும் தள்ளிப்போடக் கூடாது.

2. கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

ஒரு தாளிலோ போனிலோ சில விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிகுறி தொடங்கிய தேதி, கடைசியாக உறவு கொண்ட தேதி, ஆணுறை இருந்ததா, கிழிந்ததா, கடந்த மூன்று மாதத்தில் யார் யாரோடு உறவு என்பன முதலில். பிறகு எந்த மருந்துக்கு ஒவ்வாமை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பெண்களுக்குக் கடைசி மாதவிடாய்த் தேதி. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பாதிப் பேருக்கு நினைவு தப்பிவிடும். தேதி தெரியாவிட்டால் எந்தப் பரிசோதனையை இன்று நம்பலாம், எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவரால் சொல்ல முடியாது.

வாய்வழி, ஆசனவாய்வழி உறவு இருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் காட்டுங்கள். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது நான்காவது படியில் புரியும்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது, கைவசம் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கை விழுங்குவது. பழைய சீட்டில் மிச்சமான இரண்டு மாத்திரை கிருமியைக் கொல்லாது. ஆனால் பரிசோதனையில் அகப்படாத அளவுக்கு அதைக் குறைத்துவிடும். முடிவு ‘இல்லை’ என்று வரும், நோய் இருக்கும்.

இரண்டாவது, புண்ணிலோ தடிப்பிலோ களிம்பு பூசுவது. அரிப்புக்கென்று விற்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிவப்பை மறைத்துத் தோற்றத்தையே மாற்றிவிடும். அதைப் பார்த்து எந்த மருத்துவராலும் சரியாகச் சொல்ல முடியாது. வெறும் தண்ணீரில் மேலாகக் கழுவினால் போதும். யோனிக்குள் சோப்பு, கிருமிநாசினி எதுவும் செலுத்தாதீர்கள். அங்கே இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாவும் அதோடு போய்விடும்.

மூன்றாவது சின்ன விஷயம்தான்: பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சிறுநீர் கழிக்காமல் போங்கள்.

3. அறிகுறியை வைத்து எவ்வளவு ஊகிக்கலாம்

ஊகிப்பது தவறல்ல, அதோடு நின்றுவிடுவதுதான் தவறு. படங்களைத் தேடிப் பார்த்து “எனக்கு இதுதான்” என்று முடிவு கட்டிக்கொண்டு வருபவர்கள் பாதி நேரம் தவறாகவே இருக்கிறார்கள். இருந்தாலும் ஓர் அடிப்படைப் பிரிவு தெரிந்திருந்தால் மருத்துவரிடம் பேச உதவும்.

*கசிவும் நீர்க்கடுப்பும்.* ஆண்களுக்குக் கொனோரியா என்ற பாக்டீரியாத் தொற்று என்றால் உறவுக்குப் பின் பெரும்பாலும் 2 முதல் 7 நாளில் மஞ்சளாகச் சீழ் வரும். சிறுநீர் கழிக்கும்போது சுள்ளென்று எரியும். கிளமிடியா என்ற இன்னொரு பாக்டீரியாத் தொற்று இன்னும் சாதுவானது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, காலையில் மட்டும் நீர்த்த கசிவு கொஞ்சம் தெரியும். இரண்டும் சேர்ந்தே இருப்பது சகஜம் என்பதால் கசிவின் நிறத்தை வைத்து ஒன்றை விலக்கிவிட முடியாது. “சூடு பிடித்துவிட்டது” என்று நினைத்துத் தண்ணீரை மட்டும் குடித்துக் காத்திருந்தால் எரிச்சல் தானாக அடங்கவும் கூடும். கிருமி உள்ளேயே இருக்கும்.

பெண்களிடம் இந்த இரண்டும் பெரும்பாலும் சத்தமே போடாது. போட்டால் உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், அடிவயிற்றில் மந்தமான வலி என்று தெரியலாம்.

வெள்ளைப்படுதலில்தான் மிகப் பெரிய குழப்பம். தயிர்த் திப்பி போலக் கெட்டியாக, கடும் அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதைப் பால்வினை நோயாகக் கணக்கிடுவதில்லை. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடையோடு வந்தால் யோனியின் பாக்டீரியாச் சமநிலை குலைந்திருக்கலாம். மஞ்சளும் பச்சையும் கலந்து, நுரைத்து, வாடையோடு வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். இது உறவு வழியாகப் பரவுவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எதற்கெடுத்தாலும் பூஞ்சை மருந்தையே வாங்கி வைத்துக்கொள்வது நான் அதிகம் பார்க்கும் பிழை.

*புண்.* வலிக்காத புண்ணைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். சிபிலிஸ் என்ற பாக்டீரியாத் தொற்றின் புண் பொதுவாக ஒன்றே ஒன்றாக, விளிம்பு கெட்டியாக, வலியே இல்லாமல் இருக்கும். தொற்றிய 10 முதல் 90 நாளுக்குள், சராசரியாக 3 வாரத்தில் வரும். மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். ஆறியது புண் மட்டும்தான். கிருமி ரத்தத்தில் பரவி, சில வாரம் கழித்து உள்ளங்கை, உள்ளங்காலிலும் சேர்த்து அரிக்காத தடிப்பாக வெளிவரும். முடி திட்டுத்திட்டாகக் கொட்டலாம். அதுவும் தானாக மறையும். அப்புறம் பல ஆண்டு ஓசையில்லாமல் இருந்துவிட்டு இதயத்தையோ மூளையையோ தாக்கலாம்.

ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்று இதற்கு நேரெதிர். சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து உடைந்து, தொட்டாலே வலிக்கும். முதல் தடவை காய்ச்சலும் உடல்வலியும் கூட வரலாம். ஓரம் ஒழுங்கில்லாமல், சீழோடு, கடுமையாக வலிக்கும் புண்ணும் ஒரு பக்கத் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும் சேர்ந்தால் ஷாங்கிராய்டு என்று ஒன்று உண்டு. இப்போது பல நாடுகளில் அரிது.

*மருவும் முண்டும்.* பூக்கோசு போல வளரும் மருக்களை உண்டாக்குவது எச்.பி.வி. என்ற வைரஸ். நடுவில் குழி விழுந்த முத்துப் போன்ற முண்டு இன்னொரு வைரஸின் வேலை. ஆணுறுப்பின் மொட்டைச் சுற்றி ஒரே அளவில் வரிசையாக இருக்கும் சிறு புள்ளிகளும், தோலுக்கடியில் தெரியும் வெளிர்மஞ்சள் பொட்டுகளும் நோயே அல்ல. பலருக்கும் இயல்பாகவே உள்ள அமைப்பு. இதற்காகப் பல மாதம் தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். சிலர் ஆசிட் வைத்துச் சுட்டுக்கொண்டும் வந்திருக்கிறார்கள்.

*ஒன்றுமே இல்லை.* இதுதான் மிகச் சாதாரணமான அறிகுறி. கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், ட்ரைக்கோமோனாஸ் ஆகிய நான்கும் சேர்ந்து 2020இல் 37.4 கோடி புதிய தொற்றுகளை உண்டாக்கியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பால்வினைத் தொற்றுகளில் பெரும்பாலானவை அறிகுறி காட்டுவதில்லை என்றும் அது சொல்கிறது. ஆகவே துணைக்கு நோய் உறுதியானால் உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அடுத்த படிக்குப் போங்கள்.

4. சரியான பரிசோதனை, சரியான இடம், சரியான நாள்

இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ‘இல்லை’ என்ற முடிவுக்கு மதிப்பில்லை. நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான்.

கிளமிடியா, கொனோரியாவுக்குக் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைதான் நம்பகமானது. ஆண்களுக்குச் சிறுநீரே போதும். ஆனால் முதலில் வரும் சிறுநீர் வேண்டும். சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு “முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள்” என்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் நடுவில் பிடித்துக் கொடுத்தால், சிறுநீர்க்குழாயில் ஒட்டியிருந்த கிருமி முதல் பாய்ச்சலிலேயே கழிப்பறைக்குப் போயிருக்கும். முதல் 20, 30 மில்லியைப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் அடக்கி வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். பெண்களுக்கு யோனிக்குள் பஞ்சுக்குச்சி விட்டு எடுப்பது சிறுநீரைவிட நல்லது. அதை நீங்களே எடுத்துக் கொடுத்தாலும் முடிவு ஏறக்குறைய அதே அளவு சரியாக இருக்கும்.

அடுத்தது இடம். தொண்டையிலோ மலக்குடலிலோ இருக்கும் தொற்று சிறுநீரில் தெரியாது. தொண்டைக் கொனோரியா பெரும்பாலும் வலிகூடத் தராது. வாய்வழி உறவைச் சொல்லாமல் மறைத்தவர் சிறுநீர்ப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவார். தொண்டையிலிருந்து தொற்று பரவிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் உறவோ அந்த இடத்திலெல்லாம் மாதிரி எடுக்க வேண்டும்.

புண் இருந்தால் அதன் அடியிலிருந்தே நேரடியாக மாதிரி எடுப்பது நல்லது. கொப்புளம் உடைந்து காய்ந்துவிட்டால் ஹெர்பீஸ் வைரஸ் அகப்படுவது குறையும். அதனால்தான் வலிக்கும் கொப்புளம் தோன்றினால் ஓரிரு நாளிலேயே வரச் சொல்கிறோம்.

சிபிலிஸுக்கு இரண்டு வகை ரத்தப் பரிசோதனை உண்டு, இரண்டும் வேண்டும். வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். ஆகியவை நோயின் வீரியத்தை எண்ணில் காட்டும். ஆனால் கர்ப்பம், தன்னெதிர்ப்பு நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குவது) போன்றவற்றிலும் அவை பொய்யாக ‘உண்டு’ என்று சொல்லலாம். டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு வகை அந்தக் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும். புண் தோன்றிய முதல் நாட்களில் இரண்டுமே ‘இல்லை’ என்று வரக்கூடும். அப்போது 2 முதல் 4 வாரத்தில் திரும்பச் செய்வார்கள். பலர் திரும்பி வருவதில்லை. அதற்குள் புண் ஆறிவிடுகிறதே!

இனி நாள். உறவுக்கு மறுநாளே எல்லாப் பரிசோதனையும் செய்து ‘இல்லை’ என்று வாங்கி வைப்பதில் பயனில்லை. அறிகுறி இல்லாதபோது கிளமிடியா, கொனோரியாவுக்கு 2 வாரம் ஆகட்டும். எச்.ஐ.வி.க்கு ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜென்–ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையை 45 நாளில் நம்பலாம். விரல்நுனி ரத்தத்திலோ வாய்நீரிலோ செய்யும் உடனடிப் பரிசோதனைக்கு 90 நாள் வேண்டும். சிபிலிஸுக்கும் 90 நாள் முடிந்தபின் ஒரு தடவை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். அறிகுறி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போங்கள்.

ஒரு பால்வினை நோய் உறுதியானால் மற்றவற்றையும், எச்.ஐ.வி.யையும் கல்லீரல் அழற்சி பி-யையும் (ஹெபடைடிஸ் பி) சேர்த்துப் பாருங்கள். எல்லாம் வருவது ஒரே வழியில்தான். சிபிலிஸ், ஹெர்பீஸ் புண்கள் எச்.ஐ.வி. உள்ளே நுழைவதையும் எளிதாக்குகின்றன.

5. சிகிச்சை: எந்த நோய்க்கு எது, ஏன்

சில இடங்களில் பரிசோதனை வசதி இருக்காது, அல்லது முடிவு வர நாளாகும். அப்போது அறிகுறியை வைத்தே, அதற்குக் காரணமாகக்கூடிய எல்லாக் கிருமிகளுக்கும் சேர்த்து மருத்துவர் மருந்து தருவார். சீழ் வடியும் ஆணுக்கு ஊசியும் மாத்திரையும் சேர்த்துத் தருவது அதனால்தான். ஒன்று போதாதா என்று பேரம் பேசாதீர்கள்.

*கிளமிடியா.* டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் இரு வேளை, 7 நாள். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் இந்த மாத்திரை அங்கேயே புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரை, அமிலமுறி மருந்து, பால் ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. வெயிலில் தோல் எளிதாகக் கன்றும். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே தடவை.

*கொனோரியா.* செஃப்ட்ரையாக்சோன் ஊசி ஒன்று, தசையில். அளவு நாட்டுக்கு நாடு 500 மி.கி. அல்லது 1 கிராம் என்று மாறும். பென்சிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒவ்வொரு மருந்தையும் எதிர்க்கக் கற்றுக்கொண்ட கிருமி இது. “ஊசி வேண்டாம், மாத்திரையாகக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்துச் சீழோடு திரும்பி வருவது வழக்கமான கதை.

*சிபிலிஸ்.* பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், பெரும்பாலும் இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதியாக. தொற்றி ஓராண்டுக்குள் என்றால் ஒரு தடவை போதும். அதற்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது தொற்றியது என்றே தெரியாவிட்டாலோ, வாரத்துக்கு ஒன்றாக மூன்று. மெதுவாகப் பெருகும் கிருமி என்பதால் மருந்து வாரக்கணக்கில் ரத்தத்தில் நிற்க வேண்டும். பென்சாத்தின் வகை அப்படி நிற்கும், உடனே கரைந்துபோகும் மற்ற பென்சிலின் ஊசிகள் நிற்காது. ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல், குளிர், தலைவலி, தடிப்பு அதிகமாவது எல்லாம் வரலாம். கிருமிகள் மொத்தமாகச் சாவதால் வருவது இது, ஒவ்வாமை அல்ல. இதைப் பார்த்துப் பயந்து “எனக்குப் பென்சிலின் ஆகாது” என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் மட்டும் உண்மையான ஒவ்வாமை என்று கொண்டு உடனே ஓடுங்கள். கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் இருந்தால் குழந்தையைக் காப்பது பென்சிலின் ஒன்றுதான். நிஜமாகவே ஒவ்வாமை இருந்தாலும் மருத்துவமனையில் வைத்து உடலைச் சிறிது சிறிதாகப் பழக்கி அதையே தருவார்கள்.

*ட்ரைக்கோமோனாஸ்.* பெண்களுக்கு மெட்ரோனிடசோல் 500 மி.கி. இரு வேளை, 7 நாள். ஆண்களுக்கு 2 கிராம் ஒரே தடவை. வாயில் உலோகச் சுவை தட்டும், கவலை வேண்டாம்.

*ஹெர்பீஸ்.* வைரஸை உடம்பிலிருந்து விரட்டும் மருந்து இல்லை. அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளை, 7 முதல் 10 நாள், முதல் தாக்குதலைச் சுருக்கும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் சந்தேகத்திலேயே மருத்துவர் தொடங்குவது இதற்குச் சரி. கொப்புளம் வந்த முதல் மூன்று நாளில் தொடங்கினால்தான் பலன் நன்றாகத் தெரியும். அடிக்கடி திரும்ப வந்தால் தினசரி குறைந்த அளவில் எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. சிறுநீர் எரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்தபடியே கழியுங்கள், வலி பாதி குறையும்.

*மரு.* வைரஸுக்கு மருந்தில்லை, மருவுக்கு உண்டு: உறையவைத்து உதிர்ப்பது, பூசும் மருந்து, சுட்டு எடுப்பது. எதைச் செய்தாலும் சில மாதத்தில் திரும்ப வரலாம். சாதாரண மருவுக்கென்று கால்விரலில் பூசும் அமிலத்தைப் பிறப்புறுப்பில் பூசாதீர்கள், அங்குள்ள தோல் வெந்துபோகும். மருவை உண்டாக்கும் 6, 11 ஆம் வகை வைரஸ்களும் கருப்பைவாய்ப் புற்றுநோயின் பெரும்பங்குக்குக் காரணமான 16, 18 ஆம் வகைகளும் வேறு வேறு. மரு வந்தவர்களெல்லாம் புற்றுநோய் வருமோ என்று தவிக்க வேண்டாம். ஆனால் பெண்கள் வழக்கமான கருப்பைவாய்ப் பரிசோதனையை விடவும் கூடாது.

அந்தரங்கப் பேனும் சொறியும் பூசும் மருந்திலேயே போய்விடும். துணிகளையும் விரிப்புகளையும் அதே நாளில் வெந்நீரில் துவைத்தால் சரி.

6. துணைக்குச் சொல்வது

எல்லோரும் தட்டுத் தடுமாறும் படி இது. ஆனால் இதைத் தவிர்த்தால் முந்தைய ஐந்து படிகளும் வீண். உங்களுக்குக் குணமான மறுவாரமே அவரிடமிருந்து உங்களுக்குத் திரும்ப வரும். அதைத்தான் “மருந்து வேலை செய்யவில்லை” என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

யாருக்கெல்லாம் சொல்வது? கிளமிடியா, கொனோரியா என்றால் கடந்த 60 நாளில் உறவு கொண்ட எல்லோருக்கும். சிபிலிஸ் புண் என்றால் 3 மாதம், தடிப்பு நிலை என்றால் 6 மாதம், அறிகுறியற்ற தொடக்க நிலை என்றால் ஓராண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

எப்படிச் சொல்வது? குற்றப்பத்திரிகை வாசிக்காதீர்கள். “பரிசோதனையில் எனக்குக் கிளமிடியா வந்திருக்கு. உனக்கு ஒண்ணும் தெரியாமலே இருக்கலாம். நீயும் போய்ப் பார்த்துட்டு மருந்து எடுத்துக்கோ, அதுவரைக்கும் நாம தள்ளி இருக்கலாம்.” இவ்வளவு போதும். நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள்; “ஏதோ தொற்று” என்றால் அவர் போகும் இடத்தில் என்ன கேட்பதென்றே தெரியாது.

யார் யாருக்குக் கொடுத்தது என்ற விசாரணையில் இறங்காதீர்கள். கிளமிடியா பல மாதம் தெரியாமல் இருக்கும். ஹெர்பீஸும் எச்.பி.வி.யும் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருந்து வெளிவரலாம். இன்று தெரிந்ததால் நேற்று துரோகம் நடந்தது என்று அர்த்தமில்லை. இந்த ஒரு தகவலைத் தம்பதியர் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னால் அறையின் சூடே தணிந்துவிடும்.

சொன்னால் அடி விழும் என்ற பயம் இருந்தால் நீங்கள் நேரில் சொல்ல வேண்டாம். சிகிச்சை பெறும் மையத்தில் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல் அவர்களே தகவல் கொடுக்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு.

உங்கள் மாத்திரையைப் பாதிப் பாதியாகப் பிரித்து இருவரும் சாப்பிடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். இருவருக்கும் குணமாகாது.

7. ஒதுங்கியிருக்க வேண்டிய நாட்கள்

ஊசியோ ஒரே தடவை மாத்திரையோ என்றால் அன்றிலிருந்து 7 நாள். ஏழு நாள் மாத்திரை என்றால் கடைசி மாத்திரை முடியும்வரை. துணையின் 7 நாளும் முடிய வேண்டும்; யாருக்குக் கடைசியில் முடிகிறதோ அந்த நாள்தான் கணக்கு. வாய்வழி உறவும் இதில் அடங்கும். ஆணுறை போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். இந்த நாட்களில் போதாது.

ஹெர்பீஸுக்கு, கொப்புளம் வருமுன் தோன்றும் குறுகுறுப்பிலிருந்து தோல் முழுதாக மூடும்வரை. ஆணுறை மூடாத இடங்களிலும் ஹெர்பீஸ், எச்.பி.வி., சிபிலிஸ் இருக்கும் என்பதால் அது அபாயத்தைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. கிளமிடியா, கொனோரியா, எச்.ஐ.வி.க்கு நன்றாகவே காக்கும். லேட்டக்ஸ் உறையோடு எண்ணெய்ப் பசையை மட்டும் பயன்படுத்தாதீர்கள், கிழிந்துவிடும்.

8. மறுபரிசோதனை: சீக்கிரமும் கூடாது, விடவும் கூடாது

மாத்திரை முடிந்த மறுநாளே கிளமிடியாப் பரிசோதனைக்கு ஓடி, ‘உண்டு’ என்று வந்ததும் இடிந்துபோகிறார்கள். மரபணுப் பரிசோதனைக்கு உயிருள்ள கிருமிக்கும் செத்த கிருமிக்கும் வித்தியாசம் தெரியாது. 4 வாரத்துக்கு முன் செய்தால் மிச்சம் மீதியைக் காட்டும். கர்ப்பிணிகள் 4 வாரத்தில் குணமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் 3 மாதத்தில் வந்தால் போதும். அது மருந்தின் தோல்வியைப் பார்க்க அல்ல, திரும்பத் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க. தொண்டைக் கொனோரியா விடாப்பிடியானது. அதற்கு மட்டும் 1 முதல் 2 வாரத்தில் ஒரு தடவை பார்ப்பார்கள்.

சிபிலிஸில் ஆர்.பி.ஆர். அல்லது வி.டி.ஆர்.எல். காட்டும் எண்ணைப் பின்தொடர வேண்டும். 1:32 என்று இருந்தது 1:8க்கு இறங்கினால் நான்கு மடங்கு குறைந்திருக்கிறது, சிகிச்சை வேலை செய்கிறது. 1:32 இலிருந்து 1:16 என்பது ஒரு பொருட்டில்லை. 6, 12 மாதங்களில் பார்ப்பது வழக்கம். முதலில் ஆர்.பி.ஆர். செய்திருந்தால் கடைசிவரை ஆர்.பி.ஆர்., முடிந்தால் ஒரே ஆய்வகத்தில். அதன் எண்ணை வி.டி.ஆர்.எல். எண்ணோடு ஒப்பிட முடியாது. டி.பி.எச்.ஏ. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ‘உண்டு’ என்றே காட்டும். இது தெரியாமல் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்ததும் மறுபடி மறுபடி ஊசி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. முதல் சிகிச்சையின் சீட்டையும் எண்களையும் பத்திரமாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை வராது.

9. மருந்து முடிந்தும் அறிகுறி போகவில்லை என்றால்

இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். மாத்திரையை விடாமல் முடித்தேனா? மாத்திரையை விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தி வந்ததா? துணை மருந்து எடுத்தாரா, அல்லது எடுத்ததாகச் சொன்னாரா? ஏழு நாளுக்குள் உறவு நடந்ததா? பெரும்பாலும் விடை இந்த நான்கில் ஒன்றில் இருக்கும்.

நான்கும் சரி என்றால் அதே மருந்தை இன்னொரு வாரம் நீட்டிக்காமல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். கொனோரியா என்றால் இந்தத் தடவை கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை வேண்டும். கசிவு நீடித்தால் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற கிருமியையும் ட்ரைக்கோமோனாஸையும் தேட வேண்டும். முதலாவதற்கு மருந்தே வேறு.

எல்லாம் ‘இல்லை’ என்று வந்தும் எரிச்சல் நிற்காதவர்கள் உண்டு. அவர்களில் சிலர் கசிவு வருகிறதா என்று தினமும் பலமுறை அழுத்தி அழுத்திப் பார்த்தே சிறுநீர்த் துவாரத்தைப் புண்ணாக்கி வைத்திருப்பார்கள். இரண்டு வாரம் தொடாமல் இருந்து பார்க்கச் சொல்வேன்.

10. அதே வருகையில் முடித்துவிடக்கூடியவை

கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி முன்பு போடவில்லை என்றால் கேளுங்கள். எச்.பி.வி. தடுப்பூசி உறவு தொடங்குவதற்கு முந்தைய 9 முதல் 14 வயதில் சிறப்பாக வேலை செய்யும். பெரியவர்களுக்கும் போடலாம், பலன் ஆளுக்கு ஆள் மாறும். ஏற்கெனவே வந்த மருவை அது குணப்படுத்தாது.

எச்.ஐ.வி. அபாயம் தொடர்ந்து இருக்குமென்றால் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். எச்.ஐ.வி. உறுதியானவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், உறவு வழியாக மற்றவருக்கு அது தொற்றாது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாக ஹெர்பீஸ் வந்திருந்தால் அதைப் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். உங்களுக்கு இல்லாமல் கணவருக்கு மட்டும் ஹெர்பீஸ் இருந்தாலும் சொல்லுங்கள். பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க, எந்த முறையில் பிரசவம் என்பதை அவர் முன்பே யோசித்து வைக்க வேண்டியிருக்கும்.